உலைக்களத்துக்கு ஒரு பரிசு

தபால் தலை சேர்ப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பூட்டுவது வேறு சிலருக்குப் பொழுதுபோக்கு. இரும்பைக் காய்ச்சி அடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இத்தகைய ஆர்வலர்கள் பலர் உண்டு. வாரம் முழுவதும் பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பார்கள். விடுமுறை வந்துவிட்டால் வீட்டின் பின்புறத்தில் சிறிய உலையை மூட்டி, கொக்கியும் ஆணியும் தாழ்ப்பாளும் கத்தியும் அடித்துக்கொண்டிருப்பார்கள். தொழிற்சாலைகள் பெருகியதால் அந்நாடுகளில் கொல்லுத் தொழில் அநேகமாக மறைந்துபோகும் நிலைக்கு வந்திருந்தது. அக்கலையைக் காப்பாற்ற விரும்பிய சிலர் 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள லம்ப்கின் என்ற சிற்றூரில் கூடி, வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினர். 1978இல் பிரிட்டனிலும் அத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. தொழிலாக இருந்தது இவ்வாறு பலருக்குப் பொழுதுபோக்காகவும் ஆயிற்று.

டிசம்பர் மாதத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை வருகிறது. அங்கே ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பது வழக்கம். வீட்டில் ஒரு பொழுதுபோக்குக் கொல்லர் இருந்தால் மற்றவர்களுக்குத் திண்டாட்டம்தான். அவருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? கடைக்குப் போய் எது பளபளப்பாக இருக்கிறதோ அதை வாங்கி வருகிறார்கள். அது ஒரு மூலையில் கிடந்து துருப்பிடிக்கிறது.

இந்தச் சிக்கலை இயற்பியல் மாணவர்களாகிய நாம் தீர்த்து வைக்கலாம். உலைக்களத்தில் ஒவ்வொரு சாமானும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டே போவோம். எந்தப் பொருள் கொல்லரின் வேலையை உண்மையிலேயே மேம்படுத்தும் என்பது தானே விளங்கும். விலைக்கும் பயனுக்கும் தொடர்பு மிகக் குறைவு என்பதும் விளங்கும்.

நெருப்பும் காற்றும்

கொல்லருக்கு அடிப்படைத் தேவைகள் ஐந்து. இரும்பைச் சூடாக்க ஓர் உலை, பிடிக்க ஒரு குறடு, அடிக்க ஒரு சுத்தியல், வைத்து அடிக்க ஒரு பட்டடைக்கல், குளிரவைக்க ஒரு தொட்டி. இவற்றுள் முதலில் உலையைப் பார்ப்போம்.

அடுப்புக்கரியைப் பற்றவைத்தால் அது தானாகவே எரிகிறது. ஆனால் அதில் இரும்பை வைத்தால் மங்கிய சிவப்புக்கு மேல் சூடேறுவது கடினம். துருத்தியால் காற்றை ஊதினால் சில நிமிடங்களில் இரும்பு மஞ்சள் நிறமாகிவிடுகிறது. ஏன்?

12 கிராம் கார்பன் முழுவதும் எரிய 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பதை வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படியானால் ஒரு கிலோகிராம் கார்பனுக்குச் சுமார் 2.67 கிலோகிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றின் நிறையில் சுமார் 23 சதவீதமே ஆக்சிஜன். ஆகவே தேவைப்படும் காற்று ஏறத்தாழ 11.6 கிலோகிராம். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம். எனவே ஒரு கிலோகிராம் கரியை எரிக்க ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்றை உலைக்குள் செலுத்த வேண்டும்! ஒரு சிறிய அறையின் கொள்ளளவில் பெரும்பகுதி இது. கரி நம் கண்ணுக்குத் தெரிகிறது, காற்று தெரிவதில்லை. ஆனால் உலை உண்பதில் பெரும்பங்கு காற்றுதான்.

ஆதலால் புதிதாகத் தொடங்குபவருக்குக் கையால் சுழற்றும் காற்றூதி நல்ல பரிசு. பழைய முடி உலர்த்தி ஒன்றைக்கூட உலைக்கு ஊதுகுழலாகப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன் முனை நெருப்பிலிருந்து விலகி இருக்கும்படி ஓர் இரும்புக் குழாயில் பொருத்த வேண்டும், அவ்வளவே. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வழி இருப்பது முக்கியம். காற்று அளவுக்கு மீறினால் எரியாத ஆக்சிஜன் மிஞ்சும். அது இரும்பையே தாக்கி, மேற்பரப்பைச் செதிலாக உரித்துவிடும்.

காற்று குறைந்தாலும் தீமை உண்டு. கரி அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் கொடிய நச்சு. மூடிய அறையில் கரி உலை மூட்டவே கூடாது. நம் ஊர்க் கொல்லுப்பட்டறைகள் பெரும்பாலும் பக்கம் திறந்த கொட்டகைகளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இதைவிடச் சிறந்த காரணம் வேண்டியதில்லை.

கல் என்றால் எந்தக் கல்?

பட்டடைக்கல் என்பது பெயரில்தான் கல். உண்மையில் அது இரும்புத் துண்டு. அது ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது? நகராமல் இருப்பதற்காக என்பீர்கள். அது பாதி விடைதான்.

ஒரு கிலோகிராம் சுத்தியல் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்து, காய்ச்சிய இரும்பின் மேல் விழுகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 18 ஜூல். காய்ந்த இரும்பு களிமண் போல் மென்மையானது. ஆகவே சுத்தியலும் அடியிலுள்ள பொருளும் மோதியபின் சேர்ந்தே நகர்வதாக வைத்துக்கொள்ளலாம். அடியில் இருப்பது ஒரு கிலோகிராம் இரும்புத் துண்டு என்றால், உந்த அழிவின்மை விதிப்படி இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நகரும். அந்நகர்ச்சியிலேயே 9 ஜூல் போய்விடும். இரும்பை நசுக்கக் கிடைப்பது மீதி 9 ஜூல் மட்டுமே.

இப்போது 50 கிலோகிராம் பட்டடைக்கல்லை வைத்துக் கணக்கிடுங்கள். மோதியபின் வேகம் 6ஐ 51ஆல் வகுத்தால் கிடைப்பது. அதாவது விநாடிக்குச் சுமார் 0.12 மீட்டர். நகர்ச்சியில் வீணாவது ஏறத்தாழ 0.35 ஜூல். மீதி 17.6 ஜூலும் இரும்புக்கே பயன்படுகிறது. அடிப்பவரின் கை ஒன்றுதான்; ஆனால் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது!

கனம் மட்டும் போதுமா? போதாது. பட்டடைக்கல்லின் முகம் கடினமாகவும் இருக்க வேண்டும். மென்மையான முகம் ஒவ்வோர் அடிக்கும் தானும் சிறிது பள்ளமாகி ஆற்றலை விழுங்கிவிடும். சில கடைகளில் வெறும் வார்ப்பிரும்பில் செய்து, வண்ணம் பூசிய கல்லை விற்கிறார்கள். பார்வைக்கு நல்ல கல்லுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் இதன் முகம் பள்ளமாகும். விளிம்பு உடைந்து தெறிக்கும். பரிசு கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் எஃகுக் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதனைப் பட்டடைக்கல்லின் முகத்துக்கு மேலே 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, குண்டு எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பாருங்கள். 20 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ எழும்பினால் ஆற்றலில் 80 சதவீதம் திரும்பி வந்துவிட்டது. கல் நல்ல கல். மென்மையான வார்ப்பிரும்பில் குண்டு சோம்பலாக எழும்பி விழும். கல்லை விலைக்கு வாங்கும் முன்பே இச்சோதனையைச் செய்யலாம். சில காசுகள் பெறும் இக்குண்டு, பல ஆயிரம் ரூபாய் வீணாவதைத் தடுத்துவிடும். நம் பட்டியலில் இதுவே முதல் பரிசாக இருக்கட்டும்.

பட்டடைக்கல் வாங்க வசதியில்லாதவர்கள் தண்டவாளத் துண்டைப் பயன்படுத்துவார்கள். நம் நாட்டில் 52 கிலோகிராம், 60 கிலோகிராம் என்ற தண்டவாள வகைகள் உண்டு. இவ்வெண்கள் ஒரு மீட்டர் நீளத்தின் நிறையைக் குறிப்பவை. எனவே 60 கிலோகிராம் வகையில் 40 சென்டிமீட்டர் துண்டின் நிறை 24 கிலோகிராம். அதைப் படுக்கவைப்பதைவிட மரக்கட்டையில் செங்குத்தாக நிறுத்தி, வெட்டுமுகத்தில் அடிப்பது நல்லது. அப்போது அத்தனை நிறையும் அடி விழும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பாதையோரம் கிடக்கும் தண்டவாளத்தை எடுப்பது 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி குற்றம். முறையாக ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு வியாபாரியிடம் ரசீதுடன்தான் வாங்க வேண்டும்.

குறடும் சுத்தியலும்

சுத்தியல் பெரிதாக இருந்தால் வேலை விரைவாகும் என்று எண்ணிச் சிலர் இரண்டு கிலோகிராம் சுத்தியலைப் பரிசளிக்கிறார்கள். இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வேகத்துக்கோ அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. கனமான சுத்தியலை வேகமாக வீச முடியாவிட்டால் ஆதாயம் கரைந்துவிடும், தோளும் வலிக்கும், குறியும் தவறும். தொடங்குபவருக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். சுத்தியல் முகத்தின் கூரிய விளிம்பை அரத்தால் வளைவாக்கிக் கொடுத்தால் அது இன்னும் நல்ல பரிசு. கூரிய விளிம்பு இரும்பில் வெட்டுக்காயம் போன்ற தழும்பை விட்டுச் செல்லும்.

குறடு ஒரு நெம்புகோல். கைப்பிடி 40 சென்டிமீட்டரும் வாய் 5 சென்டிமீட்டரும் இருந்தால் நம் பிடி எட்டு மடங்காகப் பெருகுகிறது. ஆனால் குறட்டின் வாய் கம்பியின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத வாயில் கம்பி ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொடும். அடி விழுந்ததும் சுழன்று தெறிக்கும். ஆயிரம் டிகிரியில் இருக்கும் கம்பி தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் குறடு வாங்குமுன், அவர் எந்தப் பருமனுள்ள கம்பியை அடிக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த இரும்பு?

அடிக்க இரும்பையே பரிசாகக் கொடுக்கலாம். எல்லா இரும்பும் ஒன்றல்ல. இரும்போடு சேர்ந்திருக்கும் சிறிதளவு கார்பனே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. கார்பன் 0.25 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அது மெல்லெஃகு. கொக்கி, ஆணி செய்து பழக மிக ஏற்றது. லாரியின் வில்தகடு போன்றவற்றில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கார்பன் உண்டு. உளியும் அரிவாளும் செய்யலாம். அரத்தில் 1 சதவீதத்துக்கும் அதிகம். 2 சதவீதத்தைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு. அதைக் காய்ச்சி அடித்தால் நொறுங்கிப் போகும்.

கொடுக்கவே கூடாத இரும்பு ஒன்று உண்டு. துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய், வாளி, ஆணி முதலியவற்றை உலையில் வைக்கக் கூடாது. துத்தநாகத்தின் கொதிநிலை 907° செ. உலையின் வெப்பநிலையோ அதற்கும் மேல். துத்தநாகம் ஆவியாகி, காற்றில் எரிந்து, வெண்புகையாகப் பரவும். அப்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல் வலியும் வரும். இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்றே பெயர். அளவு மிகுந்தால் நுரையீரல் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து. வண்ணம் பூசிய இரும்பையும், குரோமியமோ காட்மியமோ பூசிய இரும்பையும் இவ்வாறே விலக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு ஒரு கட்டுப் பழைய குழாய்களைப் பரிசளிப்பவர், தாம் என்ன கொடுக்கிறோம் என்பதை அறியாமல் கொடுக்கிறார்.

நிறம் சொல்லும் வெப்பநிலை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கொல்லரிடம் வெப்பமானி கிடையாது. இரும்பு எவ்வளவு சூடாயிருக்கிறது என்பதை அவர் எப்படி அறிகிறார்? நிறத்தைப் பார்த்துத்தான்.

எந்தப் பொருளாயினும் ஏறத்தாழ 525° செ. வெப்பநிலையில் இருட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளிரத் தொடங்கும் என்று 1847இல் ஜான் டிரேப்பர் கண்டார். அதன்பின் 650° அளவில் மங்கிய சிவப்பு; 750° முதல் 800° வரை நல்ல சிவப்பு; 900° முதல் 1000° வரை செம்மஞ்சள்; 1100° அளவில் மஞ்சள்; 1250°க்கு மேல் வெண்மை. வெண்மையையும் தாண்டிப் பொறி பறக்கத் தொடங்கினால் இரும்பே எரிகிறது என்று பொருள். அந்தத் துண்டு இனி உதவாது.

1000° செ. வெப்பநிலையில் இரும்பு வெளியிடும் கதிர்வீச்சு மிகுதியாக இருப்பது சுமார் 2.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் எல்லையோ 0.7 மைக்ரோமீட்டர். ஆகவே நாம் காணும் ஒளி, அக்கதிர்வீச்சின் ஒரு சிறு வால் மட்டுமே. மீதி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

இதில்தான் சிக்கல். சிறு வாலைப் பார்த்து யானையை மதிப்பிடுகிறோம். வெயிலில் நின்றால் நல்ல சிவப்பும் கறுப்பாகத் தெரியும். இருட்டில் மங்கிய சிவப்பும் பிரகாசமாகத் தெரியும். ஆகவே ஒரே நிறத்தை ஒருவர் 700° என்றும், மற்றொருவர் 800° என்றும் சொல்வர். கொல்லுப்பட்டறை எப்போதும் சற்று இருட்டாகவே இருப்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? வெளிச்சம் மாறாமல் இருந்தால்தான் நிறக் கணக்கும் மாறாது. வெட்டவெளியில் உலை மூட்டும் பொழுதுபோக்குக் கொல்லருக்கு ஒரு கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுப்பதும் பரிசுதான்.

பொதுவான அடி வேலைக்கு 50° தவறினாலும் குற்றமில்லை. ஆனால் கத்தியையோ உளியையோ கடினமாக்கும்போது அத்தவறு பொறுக்காது.

காந்தம் என்னும் வெப்பமானி

எஃகு எவ்வாறு கடினமாகிறது? சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் ஒரு விதமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவ்வடுக்கில் கார்பன் அணுக்களுக்கு அநேகமாக இடமில்லை. ஏறத்தாழ 727° செ.க்கு மேல் எஃகின் அடுக்கு முறை மாறத் தொடங்குகிறது. புதிய அடுக்கில் கார்பன் கரைந்து பரவ இடம் கிடைக்கிறது. அந்நிலையில் எஃகைச் சட்டென்று குளிரவைத்தால் அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்ப முயல்கின்றன. கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. உள்ளே சிக்கிய கார்பன் அடுக்கைக் கோணலாக்கி இறுக்குகிறது. இவ்வாறு உண்டாகும் கடினமான அமைப்புக்கு, ஆடோல்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் நினைவாக மார்ட்டென்சைட் என்று பெயர். கொல்லர்கள் இவ்வேலையைத் துவைச்சல் என்பார்கள்.

வெப்பநிலை குறைந்திருந்தால் துவைச்சல் ஏறாது, கத்தி மழுங்கும். அளவுக்கு மீறியிருந்தால் எஃகின் உள்மணிகள் பருத்து, கத்தி கண்ணாடி போல் உடையும். பல மணி நேரம் அடித்துச் செய்த கத்தியின் தலைவிதி இந்தச் சில விநாடிகளில் முடிவாகிறது.

இங்கே நமக்குத் துணைக்கு வருபவர் பியர் கியூரி. காந்தப் பொருள்களைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று அவர் விரிவாக ஆராய்ந்து 1895இல் வெளியிட்டார். இரும்பு 770° செ. வெப்பநிலையில் காந்தத்தால் கவரப்படும் தன்மையை இழந்துவிடுகிறது. அணுக்களின் வெப்ப அதிர்வு, அவற்றின் காந்த ஒழுங்கைக் குலைத்துவிடுவதே காரணம். இதனைக் கியூரி வெப்பநிலை என்கிறோம். அடுக்கு மாறுவதும் காந்தத் தன்மை போவதும் ஒன்றல்ல. ஆனால் கத்தி செய்யும் எஃகில் இரண்டும் அடுத்தடுத்தே நிகழ்கின்றன.

ஆகவே கொல்லர் செய்ய வேண்டியது எளிது. காய்கின்ற எஃகை இடையிடையே எடுத்து ஒரு காந்தத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இன்னும் சூடு போதாது. ஒட்டாமல் போனதும், இன்னும் சற்றே சூடாக்கித் தோய்த்துவிட வேண்டும். வெயிலாயினும் இருட்டாயினும், பழகிய கண்ணாயினும் பழகாத கண்ணாயினும், இரும்பு அணுக்கள் ஒரே விடையைத்தான் சொல்லும்.

பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தமே இதற்குப் போதும். விலை அநேகமாக ஒன்றுமில்லை. அதை ஒரு கம்பியின் நுனியில் கட்டிக் கொடுங்கள். ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும் என்றும் சொல்லுங்கள். நீண்ட நேரம் ஒட்டவிட்டால் காந்தமும் சூடாகித் தன் வலிமையை இழந்துவிடும். வேலை இல்லாதபோது அதனைப் பட்டடைக்கல்லின் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். காதைத் துளைக்கும் கணீர் ஓசை அடங்கிவிடும். ஒரு பரிசில் இரண்டு பயன்!

எண்ணெயா, தண்ணீரா?

தண்ணீரில் தோய்த்தால் மிக விரைவாகக் குளிரும். ஆனால் காய்ந்த எஃகைச் சுற்றி முதலில் நீராவிப் போர்வை ஒன்று உண்டாகிறது. சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். லைடன்ஃபிராஸ்ட் 1756இல் விவரித்த விளைவு இதுதான். போர்வை ஓரிடத்தில் கிழிந்து ஓரிடத்தில் நிற்க, எஃகு சீரில்லாமல் குளிர்ந்து வெடிக்கலாம். வில்தகட்டு எஃகுக்கு எண்ணெய் ஏற்றது. கடலை எண்ணெய் போன்ற தாவர எண்ணெய் நல்லது. பழைய மோட்டார் எண்ணெய் வேண்டாம். அதன் புகை தீங்கானது. எண்ணெயை ஆழமான உலோகப் பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும். தீப்பற்றினால் உடனே மூட இறுக்கமான மூடி பக்கத்தில் இருக்க வேண்டும். எரியும் எண்ணெயில் ஒருபோதும் தண்ணீரை ஊற்றக் கூடாது. மூடியுடன் கூடிய அந்தப் பாத்திரமே ஒரு சிறந்த பரிசு.

தோய்த்த எஃகு கடினமானது. ஆனால் எளிதில் உடையும். ஆகவே அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் இலேசாகச் சூடாக்குவார்கள். 220° செ. அளவில் வைக்கோல் நிறம் தோன்றும். 260° அளவில் பழுப்பு. 280° அளவில் ஊதா. 300° அளவில் நீலம். இந்நிறங்கள் சூட்டினால் ஒளிர்வதால் வருவன அல்ல. மேற்பரப்பில் வளரும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி அலைகள் குறுக்கிடுவதால் வருபவை. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் தெரியும் வானவில் நிறங்கள் போன்றவை. சவரக்கத்திக்கு வைக்கோல் நிறம், உளிக்குப் பழுப்பும் ஊதாவும், வில்லுக்கு நீலம் என்பது பழைய கணக்கு.

கண்ணுக்கு முதல் மரியாதை

எந்தப் பரிசுக்கும் முன்னால் கொடுக்க வேண்டியது பாதுகாப்புக் கண்ணாடி. பொறியும் செதிலும் எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றியும் வெண்சூடான நெருப்பையே நெடுநேரம் உற்றுப் பார்ப்பதும் தீது. கண்ணாடித் தொழிலாளர், உலைத் தொழிலாளர் ஆகியோருக்கு அகச்சிவப்புக் கதிரால் கண்புரை வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். பருத்தி ஆடை உடுத்த வேண்டும். நைலான், பாலியெஸ்டர் ஆடைகளில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமான கையுறையும் ஆகாது. உள்ளே நீராவி உண்டாகிக் கையைச் சுட்டுவிடும்.

ஒரு கொல்லர் மகனின் பரிசுகள்

உலைக்களத்தையும் விடுமுறைப் பரிசையும் பற்றிப் பேசும்போது ஒருவரை மறக்க முடியாது. 1791இல் பிறந்த மைக்கேல் ஃபாரடேயின் தந்தை ஒரு கொல்லர். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1819இல், ஃபாரடே ஓர் எஃகைப் பகுத்தாராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அது தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுக்கப்பட்டு, உலகெங்கும் புகழ் பெற்றிருந்த ஊட்ஸ் எஃகு. நம் நாட்டு எஃகின் சிறப்புக்குக் காரணம் என்ன என்று அறிய விரும்பியே அவர் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து பலவகைக் கலப்பு எஃகுகளையும் செய்து பார்த்தார். அவற்றுள் ஒன்றால் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பது அவர் வழக்கம்.

அவர் கொடுத்த மற்றொரு பரிசு இன்னும் பெரியது. லண்டன் ராயல் நிறுவனத்தில் 1825இல் தொடங்கிய, இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் விடுமுறைச் சொற்பொழிவுகளில் பத்தொன்பது தொடர்களை அவரே நிகழ்த்தினார். மெழுகுவர்த்தி ஒன்றை வைத்துக்கொண்டு அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் உலகப் புகழ் பெற்றவை.

நீங்களே செய்து பாருங்கள்

உலை இல்லாமலேயே இந்த அறிவியலைப் பள்ளி ஆய்வகத்தில் காணலாம். ஆசிரியர் அருகில் இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். வேண்டியவை மூன்று தையல் ஊசிகள், ஓர் இடுக்கி, ஒரு குவளைத் தண்ணீர், ஒரு பன்சன் சுடரடுப்பு.

முதல் ஊசியை நன்கு சிவக்கக் காய்ச்சி, சுடரிலிருந்து மெல்ல மெல்ல விலக்கி ஆறவிடுங்கள். வளைத்துப் பாருங்கள், கம்பி போல் வளையும். இரண்டாம் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, கணமும் தாமதியாமல் தண்ணீரில் தோய்த்துவிடுங்கள். ஒரு துணிக்குள் வைத்து வளையுங்கள், பட்டென்று உடையும். மூன்றாவதையும் அவ்வாறே தோய்த்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுடருக்குச் சற்று மேலே பிடித்து நீல நிறம் வரும் வரை இலேசாகச் சூடாக்குங்கள். இப்போது அது வளையும், விட்டால் நிமிரும். மூன்றும் ஒரே எஃகுதான். வெப்பநிலையும் ஆறும் வேகமும் மட்டுமே வேறு.

இன்னொரு ஊசியை மெல்லிய செம்புக் கம்பியில் தொங்கவிட்டு, அதைத் தொடாத தூரத்தில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஊசி காந்தத்தின் பக்கம் சாய்ந்து நிற்கும். காந்தத்தில் சூடு படாமல் ஊசியை மட்டும் சிவக்கக் காய்ச்சுங்கள். சட்டென்று பிடி விட்டு ஊசி நேராகத் தொங்கும். ஆறியதும் மறுபடி சாயும். கியூரி கண்ட உண்மையை நீங்களும் கண்டுவிட்டீர்கள்!

அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள கொல்லுப்பட்டறைக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்குள்ள பெரியவருக்குக் கார்பன் சதவீதமும் கியூரி வெப்பநிலையும் பெயரளவில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அரிவாளை உலையிலிருந்து எந்த நொடியில் எடுக்க வேண்டும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். "சூடு பதமாகிவிட்டது என்று எப்படி அறிகிறீர்கள், ஐயா?" என்று கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், கம்பியில் கட்டிய ஒரு பழைய காந்தத்தைக் கொண்டு போங்கள். அவர் நிறத்தைப் பார்த்து "ஆயிற்று" என்று சொல்லும் அதே நொடியில் காந்தம் என்ன சொல்கிறது என்று இருவருமாகச் சோதித்துப் பாருங்கள்.